மீன் சாகவில்லையே என்று தொட்டியில் கை விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டில் வண்ண மீன் வளர்ப்பது பற்றி முழுப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. தொட்டியை எந்தத் திசையில் வைப்பது, அரோவானா வாங்கினால் என்ன பலன், கல்லும் செடியும் எப்படி அடுக்குவது என்று எல்லாம் இருந்தது. ஹீட்டர், ஃபில்டர், ஏர் பம்ப், லைட் என்று வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலும் இருந்தது. இந்த நாலும் 230 வோல்ட் கரன்ட்டில் ஓடுபவை, அதில் இரண்டு தண்ணீருக்குள்ளேயே கிடப்பவை என்று ஒரு வரி மட்டும் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் என்னைப் பற்றி எழுதியிருப்பதை வெட்டிவிடுங்கள். ஹீட்டரைப் பற்றி எழுதியிருப்பதில் கை வைக்க வேண்டாம்.

நான் கொளத்தூரில் வயரிங் வேலை செய்பவன். உரிமம் பெற்ற மின் கம்பியாள். எங்கள் பக்கம் வண்ண மீனுக்குப் பேர் போனது. வெளி மாநிலத்துக்காரர்கள்கூட இங்கே வந்துதான் மீன் எடுத்துப் போகிறார்கள். மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி வளர்த்து விற்பவர்கள் உண்டு. ஹாலில் நாலடித் தொட்டி வைத்து ஒற்றை ஃப்ளவர் ஹார்னைப் பிள்ளை மாதிரி வளர்ப்பவர்களும் உண்டு. அதனால் ஃபேன் ஓடவில்லை, மோட்டார் எடுக்கவில்லை என்று வரும் போன்களுக்கு நடுவில் எனக்கு இன்னொரு வகை போனும் வரும். "அண்ணா, மீன் தொட்டியில கை வெச்சா சுர்ருங்குது. வந்து பாக்கறீங்களா?"

இந்த போன் வெயில் காலத்தில் அதிகம் வராது. ஐப்பசி மழை பிடித்ததும் வர ஆரம்பிக்கும், மார்கழி முடியும் வரை ஓயாது. காரணம் இருக்கிறது. மழையில் தண்ணீர் குளிர்ந்துபோய் மீன் மேலெல்லாம் ரவை தூவினாற்போல வெண்புள்ளி வரும். கடைக்கு ஓடுவார்கள். ஹீட்டர் போட்டு 30 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், ஒரு கைப்பிடி கல் உப்பு போடுங்கள் என்று கடைக்காரர் சொல்வார். மீனுக்கு அது நல்ல வைத்தியம்தான், குறை சொல்ல மாட்டேன். வயரிங்காரன் கண்ணால் பாருங்கள். போன வருஷம் மார்கழியில் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்ட ஹீட்டர் மறுபடி தண்ணீருக்குள் இறங்குகிறது. போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பு, அதில் கல் உப்பும் சேர்ந்து கரன்ட் இன்னும் சுலபமாகப் பாய்கிறது. மழை ஈரத்தில் தரையும் சுவரும் ஊறிக் கிடக்கின்றன. இத்தனையும் ஒரே வாரத்தில் கூடி வரும்.

வில்லிவாக்கத்தில் ஒரு வீடு. அந்த அம்மா தொட்டிக் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டக் கை விட்டிருக்கிறார். முழங்கை வரை வெட்டி இழுத்திருக்கிறது. அவர் கணவர் நம்பவில்லை. "நான் தினமும் கை விடறேன், எனக்கு ஒண்ணும் அடிக்கலையே. இவளுக்கு நரம்பு பிடிச்சிருக்கும்" என்றார். அதோடு என் கண் முன்னாலேயே விட்டுக் காட்டவும் கிளம்பினார். நான் அவர் காலைப் பார்த்தேன். வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போட்டிருந்தார், குதிகால் வலிக்காக. அந்த அம்மா வெறுங்கால், மொசைக் தரை, அதுவும் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கும்போது சிந்திய ஈரம். இவ்வளவுதான் வித்தியாசம். கரன்ட் இவர் கை வழியாக இறங்கித் தரைக்குப் போகப் பார்த்தால் செருப்பு மறிக்கிறது. அந்த அம்மாவுக்கு மறிக்க ஒன்றுமில்லை. அதே சார் ஒரு கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு இன்னொரு கையால் இரும்பு ஸ்டாண்டைப் பிடித்திருந்தால் செருப்பு உதவியிருக்காது. அப்போது கரன்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சைத் தாண்டி மறு கையில் இறங்கும். அதைவிட மோசமான பாதை கிடையாது.

இரண்டாவதாக அவர் கேட்டது எல்லோரும் கேட்பது. "தண்ணியில கரன்ட் இருந்தா முதல்ல மீன் செத்திருக்கணுமே?"

இல்லை சார், சாகாது. மின்கம்பியில் காக்கா உட்கார்ந்திருக்கிறதே, அது சாகிறதா? காக்காவின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. அதற்குள் புகுந்து கரன்ட் வெளியேற வழி இல்லை. மீன் தொட்டியும் அப்படித்தான். சுற்றிலும் கண்ணாடி, அடியில் தெர்மகோல், அதற்குக் கீழே மரப்பலகை. தொட்டித் தண்ணீர் முழுக்க 230 வோல்ட்டில் நின்றாலும் அது தரைக்கு இறங்க வழியில்லாமல் சும்மா நிற்கும். மீன் பாட்டுக்கு நீந்தும், தீனி தின்னும், குட்டிகூடப் போடும். நீங்கள் கை வைக்கிறீர்கள் பாருங்கள், அந்த நொடியில்தான் கரன்ட்டுக்கு வழி கிடைக்கிறது. மீன் உயிரோடு இருப்பதை வைத்துத் தண்ணீரைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஒரு விஷயத்தை மட்டும்தான் அச்சில் ஏற்றுவீர்கள் என்றால் இதை ஏற்றுங்கள் ஐயா.

சரி, அந்த வீட்டில் கோளாறு எங்கே இருந்தது? தொட்டிக்குக் கீழே இருந்த கேபினட்டைத் திறந்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் மல்லாந்து கிடந்தது. அதில் நாலு பிளக். மேலிருந்து வரும் வயர்கள் நேராக அதற்குள் இறங்கியிருந்தன. வயரைப் பிடித்தபடி வழிந்த தண்ணீர் ஒரு பிளக்கின் முதுகில் உப்புப் பூத்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. முதலில் சுவர் சாக்கெட்டிலிருந்து பாக்ஸின் பிளக்கையே பிடுங்கினேன். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. டூ பின் பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் நுழையும். பழைய வீடுகளில் ஸ்விட்ச், கரன்ட் வரும் பேஸ் வயரில் இல்லாமல் அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போடப்பட்டிருப்பதும் உண்டு. அப்போது ஸ்விட்ச் அணைந்திருக்கும், ஹீட்டர் சுடாது, ஆனால் ஹீட்டர் கம்பியில் பேஸ் உயிரோடு இருக்கும். பிளக் கைக்கு வந்த பிறகுதான் அணைந்ததாக அர்த்தம்.

அப்புறம் தண்ணீருக்குள் கிடந்த இரண்டையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் மெக்கர் வைத்துப் பார்த்தேன். பிளக்கின் இரண்டு பின்னையும் சேர்த்து ஒரு கிளிப், வாளித் தண்ணீரில் போட்ட கம்பியில் இன்னொரு கிளிப். மெக்கர் 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் தாங்குகிறதா என்று காட்டும். ஃபில்டர் மோட்டாரில் முள் நல்ல பக்கம் போய் நின்றது. ஹீட்டரில் அப்படியே படுத்துவிட்டது. வெளியே பார்த்தால் கண்ணாடிக் குழாயில் ஒரு கீறல் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் உள்ளே பனி மூட்டம் போல ஈரம் தெரிந்தது. மேலே வயர் நுழையும் இடத்தில் ரப்பர் மூடி இறுகிப்போய் வெடித்திருந்தது. அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைத் தொட்டிருக்கிறது. இவ்வளவுக்கும் ஹீட்டர் ஒழுங்காகச் சுட்டுக்கொண்டுதான் இருந்தது, சிவப்பு விளக்கும் எரிந்தது. வேலை செய்கிற ஹீட்டர் நல்ல ஹீட்டர் என்று யாரும் சொல்ல முடியாது.

கண்ணாடி ஹீட்டர் எப்படியெல்லாம் வெடிக்கிறது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். தண்ணீர் மாற்றும்போது அதை அணைக்க மறந்துவிடுவார்கள். பாதித் தண்ணீர் எடுத்ததும் ஹீட்டர் காற்றில் நின்று கொதிக்கும். அதன் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சூடான கண்ணாடி விரிசல் விட்டுவிடும். பிளக்கைப் பிடுங்கி ஒரு கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் தண்ணீரையே தொட வேண்டும். ஆஸ்கார், ஃப்ளவர் ஹார்ன் மாதிரிப் பெரிய மீன்கள் கோபம் வந்தால் ஹீட்டரை முட்டி உடைக்கும். அதற்குத் துளை போட்ட பிளாஸ்டிக் உறை விற்கிறார்கள், வாங்கிப் போடலாம். ஃபில்டர் மோட்டாருக்கு வேறு கதை. அதன் காயில் (கம்பிச் சுருள்) பிசினில் முங்கி அடைத்திருக்கும், அவ்வளவு சீக்கிரம் தண்ணீர் போகாது. ஆனால் கழுவ எடுக்கும்போது எல்லோரும் வயரைப் பிடித்துத்தான் தூக்குகிறார்கள். வயரும் பாடியும் சேரும் முனை நாளடைவில் விட்டுக்கொடுக்கும். எலி கடித்த வயரை இன்சுலேஷன் டேப் சுற்றித் தண்ணீருக்குள் போட்டிருந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத வேண்டாம், கோபம்தான் வரும்.

வாளியில் ராடு போட்டு வெந்நீர் வைக்கும் வீடுகளில் குழந்தை பக்கத்தில் போனாலே கத்துகிறோம். ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வாளியைத் தொடுகிறோம். அது தாய்மார்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அதே தாய்மார்கள், அதே வீட்டில், ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும் மீன் தொட்டிக்குள் குழந்தையை ஸ்டூலில் ஏற்றிவிட்டுத் தீனி போடச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே சாமான்தான், ஒன்று அழகாக இருக்கிறது, அவ்வளவே.

"எம்.சி.பி. போட்டிருக்கோமே, அது விழாதா?" என்று கேட்பார்கள். விழாது. எம்.சி.பி. என்பது கரன்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை அணைக்கும் ஸ்விட்ச். அது வயரைக் காப்பாற்ற வைத்தது, ஆளைக் காப்பாற்ற வைத்ததல்ல. ஆறு ஆம்பியர் எம்.சி.பி. ஆறு ஆம்பியரைத் தாண்டிப் போனால்தான் அசையும். நனைந்த கை, வெறுங்கால் என்றால் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் கால் ஆம்பியர்கூட இல்லை. எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே இல்லை. மனிதனுக்கோ பத்து மில்லி ஆம்பியரிலேயே, அதாவது ஓர் ஆம்பியரில் நூறில் ஒரு பங்கிலேயே, கை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகும். முப்பதைத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து.

ஆளைக் காப்பாற்ற வைத்தது ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். பேஸில் போன கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால்கூட, எங்கேயோ யார் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று கணக்குப் போட்டுக் கண் சிமிட்டும் நேரத்தில் விழுந்துவிடும். ஷாக் தெரியும், ஆனால் பிடித்து வைக்காது. வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத கசிவுக் காப்பு வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளே சொல்லிவிட்டன. எத்தனை வீட்டில் இருக்கிறது? இருக்கிற வீட்டிலும் அதில் டி என்று எழுதிய ஒரு பொத்தான் இருப்பதும், மாதம் ஒரு முறை அதை அழுத்தி விழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது ஒரு விசேஷமான கேஸ். பெரம்பூரில் ஒரு வீடு, நல்ல வசதி, எம்.சி.பி.க்களெல்லாம் இருக்கும் டி.பி. பாக்ஸில் ஆர்.சி.சி.பி.யும் இருந்தது. அந்த வீட்டுத் தம்பி விவரமானவர். தண்ணீர் மாற்றும் முன் மெயினையே இறக்கிவிட்டுத்தான் கை விட்டிருக்கிறார். அப்படியும் அடித்திருக்கிறது. "மெயின் ஆஃப் பண்ணிட்டேன் அண்ணா, அப்புறம் எப்படி?" என்று குழம்பிப்போய் நின்றார். அவர் மாமியார், இந்தத் தொட்டி வந்த நாளிலிருந்தே வீட்டில் சரியில்லை, வாஸ்து இடிக்கிறது, தூக்கி வெளியே வை என்று ஒரே பிடியாக இருந்தார்.

வாஸ்து இல்லை, இன்வெர்ட்டர். கரன்ட் போனால் ஏர் பம்ப் நின்று மீன் மூச்சுத் திணறுமே என்று மீன் தொட்டி சாக்கெட்டை எல்லோரும் இன்வெர்ட்டர் லைனில்தான் எடுப்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்த லைனுக்கு மெயினை இறக்கினாலும் கரன்ட் உண்டு, ஏனென்றால் மெயின் இறங்கியதுமே இன்வெர்ட்டர் கரன்ட் போய்விட்டது என்று நினைத்து பேட்டரியிலிருந்து கொடுக்க ஆரம்பித்துவிடும். தம்பி மெயினை இறக்கியதும் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். தினமும் பார்க்கிற காட்சி என்பதால் அது மனதில் பதியவில்லை.

சரி, டி.பி.யில் இருந்த ஆர்.சி.சி.பி. ஏன் விழவில்லை? இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும்போது கரன்ட் அந்த ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி வருவதே இல்லை. அதற்கு இந்த லைனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த வீட்டில் அதற்கு மேலும் ஒன்று செய்திருந்தார்கள். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மற்ற நியூட்ரலோடு கலந்து கட்டியிருந்தால் போகிற கணக்கும் வருகிற கணக்கும் ஒத்துப்போகாமல் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். முன்னால் வேலை பார்த்தவர் எங்கே கலந்திருக்கிறது என்று தேடிப் பிரிக்கவில்லை. இன்வெர்ட்டருக்குப் போகும் லைனை ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலேயே எடுத்து, நியூட்ரலையும் அங்கேயே கட்டிவிட்டுப் போய்விட்டார். விழுவது நின்றது, வீட்டுக்காரருக்கு நிம்மதி. இதை எங்கள் தொழிலில் நிறையப் பேர் செய்கிறார்கள். எழுதினால் சக தொழிலாளிகள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

அங்கே நான் செய்தது, இன்வெர்ட்டர் அவுட்புட்டில் தனியாக ஓர் ஆர்.சி.சி.பி. வைத்து, அந்த லைனுக்கு நியூட்ரலைத் தனியாக இழுத்ததுதான். அரை நாள் வேலை. தொட்டித் தண்ணீரில் எர்த்தோடு சேர்த்த ஒரு கம்பியைப் போட்டு ஆர்.சி.சி.பி.யை மேலே தூக்கியதுமே விழுந்தது. தொட்டியின் பிளக்குகளைப் பிடுங்கியதும் விழாமல் நின்றது. ஒவ்வொன்றாகச் செருகினோம். ஏர் பம்ப், விழவில்லை. லைட், விழவில்லை. ஃபில்டரைச் செருகியதும் டப்பென்று விழுந்தது. கம்பி எதற்கு என்றால், முன்னால் சொன்னேனே, தொட்டித் தண்ணீருக்குத் தரையோடு தொடர்பு இல்லாவிட்டால் கசிவு வெளியே தெரியாது. ஆளின் கைக்குப் பதில் கம்பி அந்த வேலையைச் செய்யும். இதை வீட்டில் நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், வயரிங்காரர் செய்யட்டும்.

அந்தக் கம்பி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தொட்டியில் நிரந்தரமாக ஓர் எர்த் கம்பி போட்டு வைத்தால் ஷாக் அடிக்காது என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் சரி, கசிவு வந்த உடனே நீங்கள் கை வைக்கும் முன்பே அது விழுந்துவிடும். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அந்தக் கம்பி கசிவை நாள் முழுக்க ஓடவிடும், உங்களுக்கும் தெரியாது. எர்த்தே பொய்யாக இருந்தால் இன்னும் மோசம். பல பழைய வீடுகளில் மூன்றாவது துளைக்குள் ஒன்றுமே இருக்காது. சில வீடுகளில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் பின்னில் மாட்டியிருப்பார்கள், டெஸ்ட் லேம்ப் வைத்தால் பளிச்சென்று எரியும், எர்த் பிரமாதம் என்று சொல்லிவிடலாம். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் அந்த எர்த் பின்னில் பேஸ் வந்து நிற்கும். கம்பி வழியாக அதைத் தொட்டிக்குள் நீங்களே அழைத்து வந்ததாகிவிடும்.

எல்லா சுர்ரும் ஹீட்டர் கசிவு அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். மேலே வைக்கும் எல்.இ.டி. லைட்டின் அலுமினிய ஃப்ரேமைத் தொட்டால் எறும்பு ஊர்வது போல ஒரு கூச்சம் இருக்கும், விரலில் சின்னக் காயம் இருந்தால் நன்றாகவே கடிக்கும். டூ பின் அடாப்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன கெபாசிட்டர் வழியாக மில்லி ஆம்பியருக்கும் குறைவாக வருவது அது. லேப்டாப் சார்ஜ் போட்டுத் தடவினால் வருமே, அதே வகை. அடாப்டர் நல்ல தயாரிப்பாக இருந்தால் ஆபத்தில்லை. மலிவானதில் அந்தக் கெபாசிட்டரை நம்ப மாட்டேன், மாற்றச் சொல்வேன். மல்டிமீட்டர் வைத்திருக்கும் இளைஞர்கள் ஒரு முனையைத் தண்ணீரிலும் ஒரு முனையை எர்த்திலும் வைத்து ஐம்பது வோல்ட் காட்டுகிறது என்று படம் எடுத்து அனுப்புவார்கள். மோட்டார் காயில் பக்கத்தில் இருப்பதாலேயே அப்படி ஒரு வெறும் வோல்ட்டேஜ் தொற்றிக்கொள்ளும். அதற்குப் பின்னால் தள்ளும் சக்தி இருக்காது, ஒரு சின்ன பல்பைக் குறுக்கே போட்டால் பூஜ்யத்துக்கு விழுந்துவிடும். நிஜக் கசிவு என்றால் விழாமல் நிற்கும். மீட்டரில் எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். டெஸ்டர் இன்னும் மோசம். அந்த வெறும் வோல்ட்டேஜுக்கும் எரியும். பிளாஸ்டிக் ஸ்டூலில் நின்று பிடித்தால் நிஜக் கரன்ட்டுக்கும் மங்கலாகத்தான் எரியும். அதை நம்பிக் கை விடக் கூடாது.

ஆகவே வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது, செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சுர்ரென்றால் இன்னொரு தடவை தொட்டு உறுதிப்படுத்திக்கொள்ளாதீர்கள், வீட்டில் வேறு யாரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள். காய்ந்த கையோடு, செருப்பு போட்டுக்கொண்டு, தொட்டியையோ ஸ்டாண்டையோ தொடாமல் சுவர் சாக்கெட்டில் பிளக்கைப் பிடுங்குங்கள். சாக்கெட்டே ஈரமாக இருந்தால் அதையும் தொடாமல் மெயினையும் இன்வெர்ட்டரையும் இரண்டையும் அணையுங்கள். எல்லாம் பிடுங்கிய பிறகு தொட்டியில் சோதனை என்று எதுவும் செய்ய வேண்டாம், சாமான்களை வயரிங்காரரிடம் கொடுங்கள். ஏர் பம்ப் இல்லாமல் மீன் சில மணி நேரம் தாங்கும். தொட்டியில் கூட்டம் அதிகமென்றால் பிளக்கையெல்லாம் பிடுங்கிய பிறகு ஒரு பிளாஸ்டிக் சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். யாராவது பிடிபட்டுவிட்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள், முதலில் கரன்ட்டை நிறுத்துங்கள், மூச்சுப் பேச்சில்லை என்றால் உடனே 108.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்குக் கீழே வைக்காதீர்கள், பக்கவாட்டுச் சுவரில் உயரத்தில் மாட்டுங்கள். வயர் சாக்கெட்டுக்கு வரும் முன் கொஞ்சம் தொங்கி மேலேறட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது. ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் டியூபில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லையென்றால் கரன்ட் போகும்போது தொட்டித் தண்ணீர் டியூப் வழியாக உறிஞ்சப்பட்டு பம்ப்புக்குள்ளேயே வந்துவிடும். வால்வு பத்து, இருபது ரூபாய்தான்.

வாடகை வீட்டுக்காரர்கள், ஓனர் டி.பி. பாக்ஸைத் தொட விட மாட்டார் என்பார்கள். அதற்கும் வழி உண்டு. ஒரு சின்னப் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, இரண்டு மூன்று சாக்கெட், த்ரீ பின் வயர் வைத்து எந்த வயரிங்காரரும் கட்டிக்கொடுப்பார். வீடு மாறும்போது மீன் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாம். எர்த் இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும், ஏனென்றால் அது பேஸையும் நியூட்ரலையும்தான் ஒப்பிடுகிறது. செலவு இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆகலாம். கொளத்தூரில் சுமாரான ஃப்ளவர் ஹார்ன் ஒன்றின் விலை அது. மீனுக்குப் பேரம் பேசாமல் கொடுப்பவர்கள் இந்தப் பெட்டிக்கு மட்டும் யோசிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். என் மைத்துனரே அக்வேரியம் கடை வைத்திருப்பதால் அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், இருநூறு ரூபாய்க்கு ஹீட்டர் வைக்காவிட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். விற்கட்டும். விற்கும்போது இரண்டு கேள்வி கேட்கலாமே. வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, தொட்டி இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா? தட்டைப் பின் வைத்த வெளிநாட்டுப் பிளக்கோடு வரும் சாமானுக்கு ஆடிக்கொண்டிருக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைக் கொடுத்து அனுப்புவதற்குப் பதில், நல்ல பிளக் மாற்றி அனுப்பலாம். மெட்டல் பாடி ஹீட்டர் வாங்குபவரிடம் அதற்கு எர்த் கட்டாயம் என்று வாய்விட்டுச் சொல்லலாம். கோல்டு ஃபிஷ் வாங்க வந்தவருக்கு ஹீட்டரே வேண்டாம் என்றும் சொல்லலாம், சென்னைக் குளிர் அதற்கு ஒரு குளிரே இல்லை.

இன்னொன்று. பழுதான ஹீட்டரை யாரும் முழுசாகக் குப்பையில் போடாதீர்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, வயரை ஹீட்டர் தலையை ஒட்டி வெட்டி இரண்டாக்கிப் போடுங்கள். வயரோடு போட்டால் பழைய சாமான் எடுப்பவர் துடைத்துச் சந்தையில் வைப்பார். சிவப்பு விளக்கு எரிகிறதே என்று யாராவது ஐம்பது ரூபாய்க்கு வாங்கிப் போவார்கள். வில்லிவாக்கத்து ஹீட்டரை நான் அங்கேயே வெட்டிவிட்டுத்தான் வந்தேன். அந்த சார்தான், நல்லாத்தானே சுட்டுது, ரப்பர் மூடி மட்டும் மாத்த முடியாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்படிக்கு,
மின் கம்பியாள் ஒருவர்,
கொளத்தூர், சென்னை.